கலெக்டர் என்னத்த கலெக்ட் பண்றாரு?

கே: சுதந்திரம் வாங்கி இத்தன வருஷம் ஆச்சு, இன்னும் ஏன் சார் 'கலெக்டர்'னே சொல்லிட்டு இருக்கோம்? அவரு என்னத்த கலெக்ட் பண்றாரு? (அம்மாபேட்டை வாசகி)

ப: 'ஆட்சியர்'னு அழகா போர்டு இருக்குங்க, ஆனா சேலத்துல ஆட்டோ ஏறி 'ஆட்சியர் அலுவலகம் போங்க'ன்னு சொன்ன ஆள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. கலெக்டர்னா வரி வசூல் பண்றவரு, அவ்ளோதான். 1772ல வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்துல ஆரம்பிச்ச போஸ்ட்டு. நம்ம பக்கம் அது வந்தது 1792ல, திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஒப்பந்தம் போட்டதும் பாராமகால் சீமை (இன்னிக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) கிழக்கிந்திய கம்பெனி கைக்கு போயிடுச்சு, அலெக்சாண்டர் ரீடுங்கிற பட்டாளத்து ஆபீசர கொண்டாந்து கலெக்டரா உக்கார வெச்சாங்க. அவருக்கு அசிஸ்டண்ட்டா இருந்தவருதான் தாமஸ் மன்றோ, தர்மபுரியில ஏழு வருஷம் குப்ப கொட்டிட்டு 1820ல மெட்ராஸ் கவர்னராவே ஆயிட்டாரு.

வங்காளத்துல 1793ல ஜமீன்தார்கிட்ட 'மொத்தமா இவ்ளோ கட்டிடு'ன்னு முடிச்சுட்டாங்க. ரீடும் மன்றோவும் அப்படி விடல, காடு காடா அளந்து, குடியானவன் ஒவ்வொருத்தனுக்கும் தனியா தீர்வை, அதாவது நிலவரி போட்டு நேரா வசூல் பண்ணாங்க. அதாங்க ரயத்துவாரி, பின்னாடி மெட்ராஸ் மாகாணத்துல பெரும்பகுதிக்கு போனது நம்ம மண்ணுல பழகுனதுதான். நடுவுல கம்பெனிக்கு புத்தி மாறி சேலத்த மிட்டா மிட்டாவா (குட்டி ஜமீன் மாதிரி) பிரிச்சு வித்து, அதுல பல மிட்டாதாருங்க நொடிச்சு போனது தனிக்கதை, பழைய ஆளுங்கள கேட்டா இன்னும் 'அது மிட்டாதார் காடு'ம்பாங்க.

வசூலுக்கு வந்தவருகிட்டதான் மாஜிஸ்ட்ரேட் அதிகாரம், தேர்தல், வெள்ள நிவாரணம், இப்ப திங்கக்கிழமை குறைதீர் கூட்டம்னு ஒவ்வொண்ணா ஏத்தி விட்டோம். இதே ஆள உ.பி.யில டி.எம்.ம்பாங்க (டிஸ்ட்ரிக்ட் மாஜிஸ்ட்ரேட்), கர்நாடகாவுல டி.சி. (டெபுடி கமிஷனர்), இலங்கைத் தமிழர் 'அரசாங்க அதிபர்'னு சொல்லி பழகுனவங்க. பேர மாத்துறது சுலபம், வசூல் புத்திய மாத்துறதுதான் கஷ்டம்னு எனக்கு தோணுது, ஏன்னு அடுத்த கேள்வியில பாருங்க.

கே: பட்டா என் பேர்ல இருக்கு. ஆனா லோனுக்கு போனா பத்திரம் எங்க, வில்லங்கம் எங்கன்னு கேக்குறாங்க. அப்ப பட்டாவுக்கு என்னதான் மதிப்பு? (ஓமலூர் வாசகர்)

ப: பட்டாங்கறது 'இந்த சர்வே நம்பருக்கு தீர்வை யார் கட்டணும்'னு சொல்ல பொறந்த காகிதம் சார். யாரு யாருக்கு வித்தாங்கன்னு சொல்றது பத்திரம். பட்டா வருவாய்த்துறையில, பத்திரம் பதிவுத்துறையில, ரெண்டுக்கும் சொந்தம் உண்டு, ஆனா ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணல. பேங்க்காரங்களுக்கு ரெண்டும் வேணும், அவங்க கேக்குறது நியாயந்தான்.

எங்கப்பா கதைய சொல்றேன். ட்ரங்க் பெட்டியில மஞ்சப்பையில சுருட்டி வெச்ச கிஸ்தி (நிலவரி) ரசீது இருக்கும், மடிப்புல மடிப்புல கிழிஞ்சு, ஊதா மை பரவி, பசலி (வரி கணக்கு வருஷம்) நம்பர் மட்டும் பளிச்சுனு. 1979ல ஆரம்பிச்ச யூ.டி.ஆர்.ங்கிற நிலப் பதிவேட்ட புதுப்பிக்கிற வேலையில எங்க கணக்குல இனிஷியல் மாறி பக்கத்து காட்டுக்காரர் பேர் ஏறிடுச்சு. கட்டுனது நாங்க, பேர் அவருது! அப்பா மூணு ஜமாபந்திக்கு (வருஷா வருஷம் தாலுகாவுல நடக்குற வருவாய் கணக்கு சரிபார்ப்பு) மனு குடுத்தாரு, மூணாவது வருஷம் தாலுகா ஆபீஸ்ல 'பழைய மனு நம்பர் இருக்கா'ன்னு கேட்டாங்க பாருங்க, அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்னல. 1980ல எம்.ஜி.ஆர். ஊர் கணக்கும் வரி வசூலும் பாத்த பரம்பரை கர்ணம், மணியம் பதவிய ஒழிச்சு வி.ஏ.ஓ.ன்னு கொண்டாந்ததெல்லாம் நல்லதுதான், ஆனா கணக்கு புக்கு அதே புக்குதானே.

நீங்க ஆன்லைன்ல பட்டா எடுத்து சர்வே நம்பர், உட்பிரிவு, பரப்பு மூணையும் பத்திரத்தோட ஒத்து பாத்துடுங்க, வித்தியாசம் இருந்தா இப்பவே மனு போடுங்க, மனு நம்பர பத்திரமா வெச்சுக்கோங்க.

கே: பசலின்னா என்ன கணக்கு? (கன்னங்குறிச்சி)

ப: இங்கிலீஷ் வருஷத்துல 590 கழிச்சுக்கங்க, ஜூலை 1ல புது வருஷம். 2025 ஜூலையில 1435. அக்பர் காலத்து அறுவடை கணக்கு, வெள்ளக்காரன் போயும் அது போகல.

கே: ஏற்காட்டுல காபி வெச்சதும் ஒரு கலெக்டராமே? (நாகலூர்)

ப: ஆமாங்க, காக்பர்ன், 1820கள்ல சேலம் கலெக்டர். வரி வாங்க வந்த மனுஷன் மலையேறி செடி நட்டிருக்காரு. எங்க பாட்டி மட்டும் கடைசி வரைக்கும் சுக்கு காபிதான் குடிச்சா.