இரண்டு நிறம் பூத்த காகிதப்பூ ஒரே நிறமாவது ஏன்?

கேள்வி: முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசல் வளைவில் காகிதப்பூக் கொடி இருக்கிறது. வாங்கும்போது ஒரே கிளையில் வெள்ளையும் ரோஸும் பூத்தது. இப்போது ரோஸ் மட்டும்தான். அதுவும் குறைவு, இலைதான் மண்டுகிறது. நர்சரியில் ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை. நீங்கள் சொல்வது 'மேரி பால்மர்' ரகம் போலிருக்கிறது. இந்தக் குணம் அதன் பிறப்பிலேயே வந்தது.

காகிதப்பூவின் தாயகம் தென் அமெரிக்கா. பூகன்வில் தலைமையில் உலகைச் சுற்றிய பிரெஞ்சுப் பயணத்தில் சென்ற தாவரவியலாளர் கோமெர்சோன் 1767இல் ரியோ டி ஜெனிரோவில் அதைக் கண்டு, தலைவர் பெயரால் 'பூகன்வில்லியா' என்று பெயர் சூட்டினார். புதுச்சேரி ஒயிட் டவுன் மதில்களில் தொங்குவதைப் பார்த்துப் பிரெஞ்சுச் செடி என்பார்கள். பெயர் மட்டும்தான் பிரெஞ்சு. குடும்பத்தில் அது நம் அந்திமந்தாரைக்குப் பங்காளி.

கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் ஒரு தோட்டத்தில் கிடைத்த சிவப்புக் காகிதப்பூவை 1910இல் திருமதி பட் என்பவர் டிரினிடாடுக்குக் கொண்டுபோனார். கிளாப்ரா, பெருவியானா என்ற இரண்டு இனங்கள் தாமாகக் கலந்து பிறந்த செடி அது. 1944இல் அந்தக் கலப்பினத்துக்கு அவர் பெயரால் 'பட்டியானா' என்று பெயரிட்டார்கள். அந்த 'மிஸஸ் பட்' செடி கொல்கத்தாவில் ஒரு கிளையில் மட்டும் நிறம் மாறிப் பூத்தது. அந்தக் கிளையிலிருந்து பெருக்கியதுதான் மேரி பால்மர். நிறமுள்ள திசுவும் நிறமற்ற திசுவும் ஒரே தண்டில் கலந்திருக்கின்றன. ஒரு மொட்டில் ஒருவகைத் திசு மட்டும் அமைந்துவிட்டால், அதிலிருந்து வரும் கிளை பெரும்பாலும் அந்த ஒரே நிறத்தில்தான் பூக்கும். வெட்டும்போது கவனிக்காமல் ரோஸ் கிளைகளையே விட்டுவந்தால் கொடி முழுக்க அதுவாகிவிடும்.

முதலில் அடித்தண்டைப் பாருங்கள். ஒட்டுக்கட்டிய முடிச்சுக்குக் கீழே இருந்து கிளம்பிய கிளை என்றால் அது ஒட்டுக்கு அடியாக வைத்த வேர்ச்செடியுடையது, தயங்காமல் எடுத்துவிடலாம். மற்றபடி பூத்திருக்கும்போதே இருநிறக் கிளைகளுக்குத் துணிக்கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். பூ உதிர்ந்தபின் எல்லாக் கிளையும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜூலையில், முழு ரோஸ் கிளைகளை அவை பிரியும் இடத்திலேயே குச்சி மிஞ்சாமல் நறுக்குங்கள். இருநிறக் கிளைகளில் நுனியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் போதும். ஒரு இருநிறக் கிளைகூட மிஞ்சவில்லை என்றால் வேறு செடி வாங்குவதே மேல்.

பூ குறைவதற்குக் காரணம் வேறு: நிழல், தினசரித் தண்ணீர், தழைச்சத்து. ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். கடலைப்பிண்ணாக்கு, யூரியாவை நிறுத்துங்கள். மழைக்காலம் முடிந்து ஜனவரியில் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் துவண்ட பிறகே ஊற்றுங்கள். மொட்டு தெரிந்ததும் வழக்கமான தண்ணீருக்குத் திரும்பலாம். அப்போது தரையில் உள்ள கொடிக்கு சாம்பல்சத்து உரமான சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 50 கிராமைத் தண்டிலிருந்து ஓரடி தள்ளிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். மண்ணை மேடாக அணைத்துவிடுங்கள்.

புதுச் செடிக்கு விதையை நம்பாதீர்கள், பட்டியானா வகைகள் விதை வைப்பது அரிது. அடையாளம் வைத்த கிளையில் பென்சில் தடிமனில், நான்கு கணுவுள்ள குச்சிகளை நறுக்கி, வேர் விடத் தூண்டும் வேர்த்தூளில் தோய்த்து, பாதி மணல் பாதி செம்மண் நிரப்பிய பையில் நடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். வேர் எளிதில் முறியக்கூடியது. தொட்டி மாற்றும்போது பையைக் கிழித்து மண்கட்டியோடு இறக்குங்கள், உதறாதீர்கள்.