வழியில் போட்ட பைபாஸ் வயரைக் காட்டி வாரண்டியை மறுக்க முடியுமா?

கேள்வி: 2024 மார்ச்சில் 14 லட்சம் ரூபாய் கொடுத்து வெளிநாட்டு நிறுவனத்தின் டூரிங் பைக் ஒன்றை வாங்கினேன். மூன்று வருட வாரண்டி. 2025 ஜனவரியில் ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று அணைந்தது. ஃபியூயல் பம்புக்கு மேலே உட்கார்ந்து அதற்குக் கரண்ட் கொடுக்கும் கன்ட்ரோலர் போய்விட்டது என்று கோவை ஷோரூமில் இலவசமாக மாற்றித் தந்தார்கள். ஆகஸ்டில் கிருஷ்ணகிரி தாண்டி லாரியை ஓவர்டேக் செய்யும்போது மறுபடியும் அதே கதை. சாவியைத் திருப்பினால் பம்ப் ஓடும் சத்தமே இல்லை. கூட வந்த நண்பர், கன்ட்ரோலரை விட்டுவிட்டு பேட்டரி கரண்ட் நேராகப் பம்புக்குப் போகிற மாதிரி ஒரு பைபாஸ் வயர் போட்டுக் கொடுத்தார். அதில்தான் ஊர் வந்து சேர்ந்தேன். இப்போது ஷோரூமில், "வெளி வயரிங் செய்திருக்கிறீர்கள், தண்ணீரும் இறங்கியிருக்கிறது, வாரண்டி வராது" என்று 58,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டுகிறார்கள். புது வண்டி கேட்டு வழக்குப் போடலாமா? இதே மாடல் வைத்திருக்கும் இன்னும் நான்கு நண்பர்களுக்கும் இதே பிரச்சினை.
— ஈரோடு வாசகர்

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் புது வண்டி கிடைத்துவிடும் என்ற நினைப்போடு போகாதீர்கள். உங்களிடம் இருப்பது நல்ல வழக்கு. அது அந்த கன்ட்ரோலரைப் பற்றிய வழக்கு, முழு வண்டியைப் பற்றியது அல்ல. மாருதி உத்யோக் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி "பழுதான பாகத்தை மாற்றித் தருவோம்" என்று சொல்லும்போது பாகத்தை மாற்றச் சொல்லலாமே தவிர முழு வாகனத்தையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. எதிர்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். எனவே பாகத்தை இலவசமாக மாற்றித் தரவும், அந்தப் பாகத்துக்குக் கூடுதல் காலம் உத்தரவாதம் தரவும், டோயிங் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு வழங்கவும் முதன்மையாகக் கேளுங்கள். மூன்றாம் முறையும் பழுதாகி, வடிவமைப்பிலேயே கோளாறு என்று நிபுணர் சொன்னால் வண்டியின் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்பதை மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள்.

இனி அந்த பைபாஸ் வயர். உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வண்டி நின்றதற்கு வயர் காரணமா, வண்டி நின்றதால் வயர் வந்ததா? டாக்டரிடம் போகுமுன் கட்டுப் போட்டதால்தான் காயம் வந்தது என்கிற மாதிரி வாதம் அவர்களுடையது. வெளியாள் கை வைத்தான் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதும் செத்துப்போகாது. 2014 ஆகஸ்டில், சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது பிறப்பித்த உத்தரவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்த நிபந்தனை போடக்கூடாது, வெளி வேலையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். அது கார்களைப் பற்றியது, மேல்முறையீட்டுக்கும் போனது. நுகர்வோர் ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதத்துக்குக் கை கொடுக்கும், மனுவில் சேருங்கள்.

முதலில் பழுது, பிறகு வயர் என்ற வரிசையை நிரூபிக்க வேண்டியது உங்கள் வேலை. நண்பர் வயர் போட்டபோது எடுத்த போட்டோ, அன்று யாருக்காவது அனுப்பிய வாட்ஸ்அப், நெடுஞ்சாலை உதவிக்குப் போட்ட போன் அழைப்பு எதையும் அழிக்காதீர்கள். மின்னணு ஆவணங்களுக்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைப்பது நல்லது. நுகர்வோர் ஆணையம் சாட்சிய சட்டத்தைக் கறாராகப் பின்பற்றுவதில்லை என்றாலும், எதிர்தரப்பு கிளப்பப்போகும் ஆட்சேபத்தை முன்கூட்டியே அடைத்துவிடலாம். நண்பரிடம் ஒரு பிரமாண வாக்குமூலமும் வாங்குங்கள்.

அதைவிடப் பெரிய சாட்சி வண்டிக்குள்ளேயே இருக்கலாம். ஸ்கேனரை மாட்டினால் வரும் ஃபால்ட் கோடுகளோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடுகள்), பழுது பதிவான கிலோமீட்டரும் பல வண்டிகளில் தெரியும். ஷோரூமில் வேலை செய்யும்போது அந்தக் கோடுகளை அழித்துவிட வாய்ப்பு உண்டு. எனவே இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ஃபால்ட் கோடு அறிக்கையின் நகல் வேண்டும், கோடுகளை அழிக்கக்கூடாது, கழற்றும் கன்ட்ரோலரை என்னிடம் ஒப்படைக்க வேண்டும், ஜனவரி, ஆகஸ்ட் பழுதுகளுக்கான ஜாப் கார்டுகள் (ஷோரூம் எழுதும் வேலைப் பதிவுத் தாள்கள்) இரண்டும் வேண்டும். பழைய பாகம் அவர்கள் கையில் போய்விட்டால் வழக்கின் பாதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தண்ணீர் இறங்கியது" என்ற காரணத்தைப் பார்த்து மிரளாதீர்கள். டாங்குக்கு மேல் அமர்ந்திருக்கும் மின்னணுப் பாகத்தில் ஈரம் இறங்கி உள்ளே அரிப்பு வருவது இந்த வகை பம்புகளில் தெரிந்த நோய்தான். அதனால்தான் நெடும்பயணம் போகிறவர்கள் பைபாஸ் வயரைப் பையில் வைத்திருக்கிறார்கள். டூரிங் பைக் என்று பெயர் சூட்டி விற்றவர், மழையில் ஓட்டியதைத் தவறான பயன்பாடு என்று சொல்ல முடியாது. என்ன நோக்கத்துக்காக விற்கப்பட்டதோ அதற்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவிலிருந்தே வரும் விதி. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லுங்கள்: பிரஷர் வாஷ் அடித்தீர்களா? உரிமையாளர் கையேட்டில் அதற்கு எதிராக எச்சரிக்கை இருந்தால் அதையும் உங்கள் வக்கீலிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எதிர்தரப்பு சொல்லித்தான் அவருக்குத் தெரியவேண்டும் என்றால் சங்கடம்.

பலர் தவறிப்போகும் இடம் ஒன்றும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்பு என்று தனி அத்தியாயம் இருக்கிறது. கவர்ச்சியாக இருக்கிறதே என்று அதன்கீழ் மனு போடுகிறார்கள். அந்த அத்தியாயத்துக்குத் தேவையான பாதிப்பில், பொருளுக்கே ஏற்பட்ட சேதம் சேராது. நீங்கள் கீழே விழுந்து காயப்பட்டிருந்தால் அது பொருந்தும். கடவுள் புண்ணியத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. உங்களுக்கு வேண்டியது பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு என்ற எளிய வழிதான்.

ஷோரூமை மட்டும் எதிர்தரப்பினராகச் சேர்க்காதீர்கள். வாரண்டி கொடுத்தது அந்த நிறுவனத்தின் இந்தியப் பிரிவு. அதை முதல் எதிர்தரப்பினராகப் போடுங்கள். யார் என்ன தவறு செய்தார்கள் என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். 2021இல் டாடா மோட்டார்ஸ் வழக்கில், டீலரின் தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்ற குற்றச்சாட்டோ ஆதாரமோ இல்லாததால் தயாரிப்பாளரை உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. "இருவரும் சேர்ந்து ஏமாற்றினார்கள்" என்று மொட்டையாக எழுதினால் அதே நிலை உங்களுக்கும் வரும்.

ஷோரூம் கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு தந்திருக்கும் பெரிய வசதி இது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பு. நீங்கள் கொடுத்த விலையை வைத்துக் கட்டணம் 400 ரூபாய். நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வீடியோ வழி விசாரணையும் கோரலாம். வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதிடலாம். என் தொழிலுக்கு விரோதமான பேச்சுதான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பழுது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாத பொருளை ஆய்வுக்கு அனுப்ப 38ஆவது பிரிவில் வழி உண்டு. ஆய்வுக் கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அப்படி முடிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அதற்குள் வண்டி வேண்டுமே என்றால், 58,000 ரூபாயைக் கட்டலாம். ஆனால் கட்டுமுன் "வாரண்டியில் செய்ய வேண்டிய வேலை; என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். "முழு திருப்தி" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்சூரன்ஸை நம்பாதீர்கள், சாதாரண மோட்டார் பாலிசியில் இயந்திர, மின்சாரப் பழுதுகள் விலக்கப்பட்டவை. சாலையோர உதவி ஆட்-ஆன் இருந்தால் டோயிங் செலவு மட்டும் வரலாம்.

நான்கு நண்பர்கள் விஷயம் தனி. ஒரே பாதிப்பு உள்ள பலர், ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகச் சேரலாம். ஆனால் ஒருவர் பிரஷர் வாஷ் அடித்திருப்பார், இன்னொருவருக்கு வாரண்டி முடிந்திருக்கும். ஐந்து பேரில் பலவீனமானவர் வழக்கு மற்ற நால்வரையும் இழுத்துவிடும். தனித்தனியாகப் போட்டு, ஒருவர் மற்றவருக்குச் சாட்சி சொல்வதையே நான் விரும்புவேன். சேர்ந்து செய்ய வேண்டியது வேறு: ஓடும் வண்டி நெடுஞ்சாலையில் அணைவது பாதுகாப்புப் பிரச்சினை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவு, ஆபத்தான குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறச் சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அதேபோன்ற அதிகாரம் உண்டு. அதற்கான புகாரை மாவட்ட ஆட்சியரிடமே தரலாம். ஐந்து பேரும் வண்டியின் சேசிஸ் எண், பழுதான தேதி, அப்போதைய கிலோமீட்டர், ஜாப் கார்டு நகல் எல்லாவற்றையும் இணைத்து ஒரே நாளில் அனுப்புங்கள்.

கடைசியாகக் காலக்கெடு. புகாருக்கு இரண்டு வருடம். வாரண்டியை மறுத்தது ஆகஸ்டில் என்பதால் 2027 ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். ஆனால் "குறைபாடு 2025 ஜனவரியிலேயே தெரிந்துவிட்டதே" என்று எதிர்தரப்பு சொல்லும். அந்தத் தகராறே எழாதபடி 2027 ஜனவரிக்கு முன்பே தாக்கல் செய்துவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களும் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 15 நாள் கெடு கொடுத்து, ஸ்பீட் போஸ்டில் இந்த வாரமே அனுப்புங்கள்.