எக்ஸ்பியோட மல்லுக்கட்டாதீங்க

கேள்வி: அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகை டிசைன் பூரா கடையில உள்ள விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்லதான் கெடக்கு. பிரிண்டரும் அதுலதான். புது விண்டோஸ் 11 லேப்டாப்புல ஷேர் ஃபோல்டர் தொறக்கவே மாட்டேங்கு!
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கேபிளை மாத்திக் காசைக் கரைச்சிராதீங்க. ஃபோல்டரை ஷேர் பண்ண ரெண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கிற பாஷைக்கு எஸ்எம்பின்னு பேரு. எக்ஸ்பிக்குத் தெரிஞ்சது அதுல பழைய எஸ்எம்பி 1 மட்டுந்தான். 2017 மே மாசம், ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்குற வானாக்ரை வைரஸ் அது வழியாத்தான் பரவுச்சு; அதுக்கப்புறம் வந்த விண்டோஸ்ல அதை ஓரங்கட்டிட்டாங்க. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்'ல டிக் போட்டா திரும்ப வரும். நான் போடச் சொல்லமாட்டேன். முகூர்த்த நேரத்துல டிசைன் பூரா பூட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது? ஃபைலைப் பென்டிரைவ்ல மாத்துங்க, வைரஸ் பார்த்துட்டு. பிரிண்டரை லேப்டாப்புல மாட்டுங்க. விண்டோஸ் 11க்கு அந்தப் பிரிண்டரை இயக்குற டிரைவர் சாஃப்ட்வேர் உண்டுமான்னு முதல்ல பாத்துக்கிடுங்க. விண்டோஸ் 7 மெஷின் இருந்தா அதுக்கு எஸ்எம்பி 2 தெரியும். நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்கி, பாஸ்வேர்டு உள்ள யூசர் போட்டு ஷேர் பண்ணுங்க.