குளிர்தேசத்து ஆதிமனிதர்: கேள்வி பதில்

கேள்வி: கடுங்குளிரில் ஆதிமனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று எது?

சைபீரியாவின் யானா ஆற்றங்கரை. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, சுமார் 32,000 ஆண்டுப் பழமையான குடியிருப்பு. ரஷ்யத் தொல்லியலாளர் பிதுல்கோவின் குழு 2004இல் அறிவித்தது. அங்கே காண்டாமிருகக் கொம்பில் செய்த ஈட்டிப் பாகமும் கிடைத்தது. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது காது வைத்த எலும்பு ஊசிதான். தோலைச் சும்மா போர்த்தினால் காற்று உள்ளே புகுந்துவிடும். உடம்போடு ஒட்டத் தைத்து, மேலே இன்னோர் அடுக்கும் போட்டால்தான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்ட முடியும்.

தைத்த உடை எப்படி இருந்தது என்பதற்கு மாஸ்கோவுக்குக் கிழக்கே சுங்கிர் என்ற இடத்தைப் பாருங்கள். சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டு பிள்ளைகளைத் தலையோடு தலை சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். தோலுடை மக்கிப்போனது. அதில் தைத்திருந்த 10,000க்கும் மேற்பட்ட தந்தமணிகள் கை, கால், தலையைச் சுற்றி வரிசை குலையாமல் கிடந்தன. சட்டை, கால்சட்டை, தொப்பி எல்லாம் அந்த வரிசையிலிருந்தே தெரிகின்றன.

கேள்வி: எல்லாரும் குகையில்தானே இருந்தார்கள்?

இல்லை. யானா, சுங்கிர் இரண்டுமே திறந்தவெளி.

கேள்வி: இங்கிலாந்தில் 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இருந்தார்களாமே?

ஆமாம், ஹேஸ்பரோ கடற்கரையில். 2013 மே மாதம் அலை மணலை அரித்தபோது பெரியவர், சிறுவர் காலடித் தடங்கள் வெளிப்பட்டன. இரண்டே வாரத்தில் கடல் அவற்றைக் கொண்டுபோய்விட்டது. வயது 8.5 முதல் 9.5 லட்சம் ஆண்டு. ஒன்று மட்டும்: இன்றைய வரைபடத்தை வைத்து அன்றைய குளிரைக் கணிக்காதீர்கள். அந்த மண்ணடுக்கின் மகரந்தத்தைப் பாருங்கள். அது ஊசியிலைக் காட்டைக் காட்டுகிறது, அதாவது குளிர் இருந்தது.

கேள்வி: அப்படியானால் உடை நிச்சயம் இருந்திருக்கும்!

அங்கே உடைக்கும் சான்றில்லை, நெருப்புக்கும் சான்றில்லை. ‘இருந்திருக்கும்’ என்பது சான்றாகாது.

கேள்வி: கோடையில் மட்டும் வந்து போயிருப்பார்கள்.

காலடித் தடம் பருவத்தைச் சொல்லாது. சிறுவர்களும் உடன் இருந்தார்கள், அவ்வளவுதான் சொல்லும். உடை பற்றிப் பேச ஜெர்மனியின் ஷோனிங்கனுக்கு வாருங்கள். சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழைய கரடியின் பாத எலும்பில் மெல்லிய வெட்டுக்கீறல்கள் உள்ளன. பாதத்தில் கறி ஏது? தோலை முழுசாக உரிக்கத்தான் அங்கே கத்தி வைப்பார்கள்.

கேள்வி: குகை இல்லாமல் எப்படிப் பிழைத்தார்கள்?

மேலே பதில் இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அழிந்துபோன ஆதிமனித இனமான டெனிசோவன்களின் மரபணு நமக்குள் எவ்வளவு?

மரபணு ஆய்வாளரிடம் கேளுங்கள், என் துறை அல்ல.

கேள்வி: யானாவுக்கு முன்பே ஆர்க்டிக்கில் யாராவது?

யெனிசெய் ஆற்று முகத்துவாரத்தருகே 2012இல் ஒரு மாமூத் (அழிந்துபோன ரோம யானை) கிடைத்தது, 45,000 ஆண்டுப் பழையது. விலா, தோள்பட்டை, கன்ன எலும்புகளில் ஆயுதம் பட்ட காயங்கள் இருப்பதாகப் பிதுல்கோ குழு 2016இல் எழுதியது. பக்கத்தில் கல்கருவி எதுவும் கிடைக்கவில்லை. அதனால் நான் அதை யானாவுக்கு இணையாக வைக்க மாட்டேன்.