அப்பாவின் லைட்டரில் சிக்கிய கல்லை எடுப்பது எப்படி?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் கிராணியாக (எழுத்தராக) இருந்த என் அப்பாவின் தகரப்பெட்டியில் மூன்று பழைய லைட்டர்கள் கிடைத்தன. ஒன்று ஜிப்போ. அடியில் பெயருக்கு இடப்பக்கம் மூன்று கோடு, வலப்பக்கம் இரண்டு கோடு, எல்லாம் நேர்க்கோடுகள். சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது. எண்ணெய் ஊற்றி வைத்தேன், மூன்றே நாளில் காய்ந்துவிட்டது. பெட்ரோல் ஊற்றலாமா? மற்ற இரண்டில் ஒன்று இம்கோ, இன்னொன்று கேஸ் அடைக்கும் ரோன்சன். மூன்றையும் பிராஸோ போட்டுத் தேய்த்து, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பழைய சாமான் விற்பவரிடம் விலை கேட்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: முதலில், சக்கரத்தைப் பெருவிரலால் அழுத்திச் சுற்றிப் பார்ப்பதை நிறுத்துங்கள். சக்கரம் கெடவில்லை. அதற்கு அடியில் இருக்கும் கல்தான் ஊதிப்போய் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பலம் கொடுத்தால் கல் அசையாது. சக்கரத்தின் பல் மழுங்கும், இல்லையென்றால் அதைத் தாங்கும் ஆணி தளரும். அப்புறம் சரிசெய்ய முடியாத வேலையாகிவிடும்.

லைட்டர் கல் என்று நாம் சொல்வது கல்லே இல்லை. சீரியம் முதலான உலோகங்களோடு இரும்பு கலந்த ஒரு கலவை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்ற பொருள். உரசினால் துகள் பறந்து காற்றில் எரியும், அதுதான் பொறி. காற்றோடு இவ்வளவு சுலபமாகச் சேரும் பொருள், நம் ஊர் ஈரத்தில் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தால் சும்மா இருக்காது. மெல்ல மெல்லப் பூத்து, சாம்பல் நிறப் பொடியாகும். பொடிக்குப் பழைய கல்லைவிட இடம் அதிகம் வேண்டும். கல் இருப்பதோ மிக ஒடுங்கிய குழாயில். ஆக, போத்தலில் தக்கை இறுகியது மாதிரி இறுகிவிடுகிறது.

எடுக்கும் முறை இது. உள்கூட்டை வெளிக்கூட்டிலிருந்து உருவி, நீங்கள் ஊற்றிய எண்ணெய் முழுக்கப் போகும்வரை இரண்டு மூன்று நாள் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பழைய கல்லைச் சுரண்டும்போது சில சமயம் பொறி பறக்கும், அதனால் எண்ணெய் வாடை இருக்கும்போது கை வைக்காதீர்கள். காய்ந்தபின் உள்கூட்டைக் கவிழ்த்தால் அடியில் ஃபெல்ட் துண்டும், அதன் பக்கத்தில் பித்தளைத் திருகும் தெரியும். திருகைக் கழற்றும்போது விரலை மேலே வைத்துக்கொள்ளுங்கள். திருகோடு நீளமான ஸ்பிரிங் வரும், துள்ளி ஓடினால் சிமெண்டுத் தரையில் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஸ்பிரிங்கின் நுனி பொடிக்குள் மாட்டியிருந்தால் வெடுக்கென்று இழுக்காமல், மெல்ல அசைத்துக்கொண்டே நேராக இழுங்கள்.

குழாயைத் துப்புரவாக்கச் சைக்கிள் கம்பியைவிட நல்ல கருவி கிடையாது. சாதாரணச் சைக்கிள் ஸ்போக் 2 மில்லிமீட்டர் தடிப்பு, குழாய்க்குள் இலகுவாகப் போகும். பழைய ஸ்போக் ஒன்றை விரல் நீளத்துக்கு இரண்டு மடங்காக வெட்டி, ஒரு நுனியை அரத்தில் உளி போலத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். பிறகு அதை உள்கூட்டின் வெளிப்பக்கம் ஒட்டிப் பிடித்து, நுனி சக்கரத்தைத் தொடும் இடத்தில் நிற்கும்படி வைத்து, மறுமுனையில் குழாயின் வாய் வரும் இடத்தில் டேப் சுற்றுங்கள். உள்ளே விடும்போது கம்பி டேப் வரை இறங்கினால் குழாய் காலி என்று அர்த்தம். அதற்கு முன்னால் எவ்வளவு நிற்கிறதோ, அவ்வளவு கல் மிச்சம் இருக்கிறது.

சக்கரப் பக்கமாகவும் குழாயின் வாய்ப் பக்கமாகவும் துருநீக்கி எண்ணெய், டபிள்யூ.டி. 40 மாதிரி ஏதாவது, ஒவ்வொரு சொட்டு விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் குழாயின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து, கம்பியைக் கீழிருந்து விட்டு, கையாலேயே இப்படியும் அப்படியும் திருகுங்கள். பொடி தானாகக் கொட்டும். பத்துத் தடவை திருகினால் அரை மில்லிமீட்டர் இறங்கலாம், அவசரப்பட வேண்டாம். சுத்தியலால் தட்டுவதும் கூடாது, மின் துளைப்பானும் கூடாது. தட்டினால் விசை முழுக்க சக்கரத்தின் ஆணிக்குப் போகும். துளைப்பானோ மெல்லிய பித்தளைக் குழாயைக் கிழித்துவிடும், பொறியும் பறக்கும்.

கம்பி டேப் வரை இறங்கியதும் லைட்டர் எண்ணெய் கொஞ்சம் விட்டுக் குழாயையும் சக்கரத்தையும் கழுவி, பழைய பல் துலக்கியால் சக்கரத்தின் பற்களைத் தேயுங்கள். துருநீக்கி எண்ணெய்ப் பசை மிஞ்சினால் புதுக்கல் போட்டாலும் பொறி வராது. ‘இறுக்கமாக இருக்கிறதே’ என்று சக்கரத்துக்குத் தையல் இயந்திர எண்ணெய் விடும் பழக்கம் பலருக்கும் உண்டு. அது வேண்டாம்.

கல்லைக் கடிகாரம் பழுதுபார்க்கும் கடைகளிலும் சில ஒட்டுக்கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். கழுவிக் காய்ந்த குழாயில் கல் தன் எடையிலேயே சரிந்து இறங்க வேண்டும். விரலால் தள்ள வேண்டியிருந்தால் அது தடித்த கல், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு கல்லை ஒன்றாகப் போட்டால் நீண்ட நாள் வரும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஸ்பிரிங் நசுங்கிச் சக்கரம் இறுகுவதைத் தவிர வேறு பலன் இல்லை. திருகை முழுக்க உள்ளே இறக்கிவிடுங்கள். தலை வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் உள்கூடு சரியாக உட்காராது, மூடியும் ‘டக்’கென்று சாத்தாது.

இனி எண்ணெய். பெட்ரோல் வேண்டாம். அதில் பென்சீன் இருக்கிறது, கார் இயந்திரத்துக்காகச் சேர்க்கும் பொருள்களும் இருக்கின்றன. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முகத்துக்கு நேரே கொளுத்தும் பொருளில் அதற்கு வேலை இல்லை. மண்ணெண்ணெய் வேறு விதத்தில் ஆகாது. பொறிக்குச் சட்டென்று பிடிக்காது, பிடித்தால் கரி கக்கும். லைட்டர் எண்ணெய் என்று டின்னில் வருவது நாஃப்தா, அதைத்தான் ஊற்ற வேண்டும். ஃபெல்ட்டைத் தூக்கி, பஞ்சின் மேல் சொட்டுச் சொட்டாக, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. பஞ்சு நனைந்து மினுங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். ஊற்றியபின் துடைத்து, கை கழுவி, சில நிமிடம் கழித்துத்தான் பற்றவைக்க வேண்டும். நிரம்பி வழியும் லைட்டரைக் கால்சட்டைப் பையில் போட்டால் தொடையில் தோல் சிவந்து எரியும், மருந்து போடும் அளவுக்குக்கூடப் போகும்.

மூன்று நாளில் காய்வது பாதிக் குறை, பாதி இயல்பு. ஜிப்போவின் மூடி காற்றுப் புகாத மூடி அல்ல. நம் வெயிலில் ஒரு வாரம் தாங்கினால் நல்ல நிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். மூன்று நாள் என்றால் உள்ளே பஞ்சு குறைந்திருக்கும், அல்லது சுருங்கி இறுகியிருக்கும். இன்னொன்று, காரின் முன்பலகை மேல் வைத்தால் எந்த லைட்டரும் தாங்காது. மூடியும் கூடும் சேரும் கோட்டின் மேல் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போடுவார்கள், ஓரளவு உதவும். ஆனால் அதை வெளியில்தான் போட வேண்டும். பால் மரத்து ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதி நெகிழ்ந்துவிடும், தோட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பழைய பஞ்சை மாற்ற, ஃபெல்ட்டை எடுத்துவிட்டுச் சாமணத்தால் பஞ்சை ஒவ்வொன்றாக உருவுங்கள். ஐந்தாறு உருண்டை வரும். திரியும் கூடவே வந்தால் நல்லது, சேர்த்தே மாற்றிவிடலாம். மருந்துக்கடையில் பஞ்சு உருண்டை வாங்கும்போது நூறு சதவீதம் பருத்தி என்று பார்த்து வாங்குங்கள். திரியைப் புகைக்கூட்டின் (திரியைச் சுற்றி நிற்கும் துளையிட்ட தகட்டின்) வழியாக மேலே நுழைத்து, நுனி புகைக்கூட்டின் மேல்விளிம்புக்குச் சமமாக நிற்கும்படி வைத்துக்கொண்டு, கீழே ஒரு பக்கம் பஞ்சு, பிறகு திரியை வளைத்து மறுபக்கம் பஞ்சு என்று பாம்பு நெளிவதுபோல அடுக்குங்கள். அடைத்துத் திணித்தால் எண்ணெய்க்கு இடமிருக்காது, தளர்வாக விட்டால் திரிக்கு எண்ணெய் ஏறாது. பஞ்சை விரலால் அழுத்தினால் மெத்தை போல் திரும்பி எழ வேண்டும், அதுவே அளவு. புதுத்திரி வாங்குவதற்கு முன், பழையதன் கருகிய நுனியைக் குறட்டால் சற்று மேலே இழுத்து வெட்டிப் பாருங்கள். பல திரிகள் அப்படி ஒருமுறை உயிர் பெறும்.

பிராஸோவைக் கீழே வையுங்கள். அந்த ஜிப்போவின் மேல்பூச்சு மெல்லிய குரோமியம், அடியில் பித்தளை. பித்தளை மெருகேற்றும் பொருளில் அரைக்கும் துகள் உண்டு, விளிம்புகளில் பூச்சைத் தின்றுவிடும். அமோனியா சேர்ந்த மெருகுப் பொருளாக இருந்தால் இன்னும் கேடு, பித்தளைக்கு அமோனியா பகை. அந்தக் கால இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அமோனியாதான் காரணம் என்று 1921இல்தான் உறுதியானது. ரப்பர்ப் பாலைக் கெடாமல் வைக்கவும் அமோனியா, உறைய வைக்க ஃபார்மிக் அமிலம். இந்தப் பொருள்கள் கிடந்த ஸ்டோரில் உங்கள் தகரப்பெட்டி இருந்திருந்தால், கீல் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு ஏதும் உண்டா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். கழுவுவதற்கு வெதுவெதுப்பான நீர், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு, மென்மையான பல் துலக்கி, உடனே துணியால் துடைத்தல். இவ்வளவு போதும். பச்சைப் பூப்பைப் பல்குச்சியால் சுரண்டலாம்.

விலை விஷயத்துக்கு முன்னால் ஆண்டு. உங்கள் லைட்டர் 1969இல் செய்தது. ஜிப்போ 1966இல் பெயருக்கு இருபுறமும் நான்கு நான்காக எட்டு நேர்க்கோடு போட்டது. ஆண்டுக்கு ஒன்று குறைத்துக்கொண்டே வந்து, 1973இல் ஒரே கோடு மிஞ்சியது. உங்களுடையதில் ஐந்து கோடுகள், கணக்கு சரியாக வருகிறது. 1974 முதல் வலப்பக்கம் சாய்ந்த கோடு, 1982 முதல் இடப்பக்கம் சாய்ந்த கோடு. 1986 நடுவிலிருந்து இடப்பக்கம் மாதத்துக்கு ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து, வலப்பக்கம் ஆண்டுக்கு ரோமன் எண். 2001 முதல் சாதாரண எண். உள்கூட்டிலும் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் பல ஆண்டு வித்தியாசம் இருந்தால் உள்கூடு வேறொன்றிலிருந்து வந்தது. பயன்படுத்துவதற்குக் குறையில்லை, விலை குறையும்.

1969 என்றதும் வாங்க வருகிறவர், ‘வியட்நாம் சண்டைக் காலத்து ஜிப்போ’ என்று பேச்செடுப்பார். அந்த ஆண்டுக் குறியுள்ள வெறும் லைட்டரில் பிற்பாடு வாசகம் செதுக்கி விற்பது பழைய தொழில். உங்களுடையது எதுவும் செதுக்காமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும். மெருகேற்றிய லைட்டரைவிட, அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த விளிம்போடு இருப்பதற்கே சேகரிப்பவர்களிடம் மதிப்பு. நிறுவனத்துக்கே அனுப்பினால் இலவசமாகப் பழுதுபார்ப்பார்கள், ஆனால் உள்கூட்டையே புதிதாக மாற்றி அனுப்பவும் வாய்ப்பு உண்டு. பழைய உறுப்பு திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

இம்கோவில் சிக்கல் வேறு. அது மெல்லிய தகடு, துருதான் எதிரி. எண்ணெய்த் தொட்டியைக் கீழ்நோக்கி இழுத்தால் தனியாகக் கழன்று வரும். திரியும் அதோடு இருப்பதால் மெழுகுவத்தி போலப் பிடித்துக் கற்பூரம் ஏற்றக்கூட வசதி. கல்லைச் சோதித்துவிட்டு, துரு பிடித்த இடத்தை நயமான எஃகுக் கம்பளியால் தேய்த்து, எண்ணெய் ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது.

ரோன்சனில் நாஃப்தா ஊற்றிவிடாதீர்கள், அது பியூட்டேன் கேஸுக்கானது. தீயளவைக் குறைந்த அளவில் வைத்து, அடிப்பக்க வால்வை ஊசி நுனியால் அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, கேஸ் டின்னை அதன்மேல் நேராகக் கவிழ்த்து ஐந்து நொடி அழுத்துங்கள். சாய்த்தால் கேஸ் பீறிட்டு வீணாகும். நிரப்பியதும் பத்து நிமிடம் பொறுங்கள், பற்றவைக்க வேண்டாம். அடிப்பக்கத்தை ஒரு கிண்ணம் தண்ணீரில் அமிழ்த்தினால் கசிவு இருந்தால் குமிழி வரும். வந்தால் வால்வின் ரப்பர் வளையம் செத்துவிட்டது. வளையத்தை மாற்றும்வரை கேஸை அதில் வைத்திருக்காதீர்கள்.

மூன்றையும் எடுத்து வைக்கும்போது எண்ணெயும் கேஸும் காலியாக இருக்கட்டும், கல் மூன்றும் வெளியே வரட்டும். ஒவ்வொரு கல்லையும் காகிதத்தில் சுற்றி, எந்த லைட்டருடையது என்று எழுதி, சின்ன மாத்திரை டப்பாவில் போடுங்கள். தோல் பையில் வேண்டாம், அது ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்து, மூன்று மாதத்துக்கொருமுறை மூடியைத் திறந்து பாருங்கள்.