தண்டர் பேக்கு வந்திருக்கும் தம்பிக்கு: மூஸுக்கு எந்தத் தோட்டா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஒன்டாரியோவின் தண்டர் பேக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கூட வேலை செய்பவர்கள் அக்டோபரில் மூஸ் (குதிரையளவு பெரிய வடநாட்டு மான்) வேட்டைக்கு அழைக்கிறார்கள். கடைக்காரர் .338 வின்செஸ்டர் மேக்னம் வாங்கச் சொல்கிறார், ஒரு நண்பர் 9.3×62 என்கிறார், இன்னொருவர் .308 போதும் என்கிறார். இவையெல்லாம் தோட்டாக்களின் பெயர்கள்: .338, .308 என்பவை பறந்துபோகும் குண்டின் குறுக்களவு, அங்குலத்தில்; 9.3 அதே அளவு மில்லிமீட்டரில், 62 என்பது தோட்டாக் கூட்டின் (மருந்து அடைத்த பித்தளை உறை) நீளம். குன்னூர் எஸ்டேட்டில் தாத்தா வைத்திருந்த .315 ரைஃபிளைத் தவிர நீங்கள் வேறு துப்பாக்கியைத் தொட்டதில்லை. எதை வாங்குவது?

நான் இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதில் பதினான்கு வருடம் காட்டுக்குப் போயிருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் துப்பாக்கி .308 அல்லது .30-06 ஆக இருக்கட்டும். இரண்டு மூன்று வருடம் கழித்தும் பெரிய குழல்மேல் ஆசை இருந்தால் 9.3×62. அந்த .338 மேக்னம் இப்போது வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் உரிமம். பி.ஏ.எல். என்கிற கனடாவின் துப்பாக்கி உரிமம் இல்லாமல் துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு பெட்டித் தோட்டாகூட வாங்க முடியாது. குடியுரிமை தேவையில்லை, பாதுகாப்புப் பயிற்சி முடித்து எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். விண்ணப்பத்தில் உங்களை மூன்று வருடமாவது தெரிந்த இரண்டு பேரின் கையெழுத்து கேட்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இடிக்கிற இடம் இதுதான், யாரைக் கேட்பது என்று இப்போதே யோசித்துவையுங்கள். மனைவி கையெழுத்துப் போடவும் ஓர் இடம் உண்டு. அவர் போடவில்லை என்றால் அதிகாரிகளே அவருக்குத் தெரிவிப்பார்கள். ஆகவே வீட்டில் முதலில் பேசிவிடுங்கள். முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. வேட்டைக் கல்விப் பயிற்சி தனி. மூஸ் டேக், அதாவது ஒரு மூஸைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு, 2021லிருந்து புள்ளிக் கணக்கில் தருகிறார்கள், முதல் வருடமே உங்கள் பெயரில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். நடுத்தரக் குழல் என்று இங்கே சொல்வது ஏறக்குறைய .33 அங்குலத்திலிருந்து .375 வரை, அதாவது எட்டரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்பதரை வரை குறுக்களவுள்ள குண்டுகளை. உங்கள் தாத்தாவின் .315 அதற்கு ஒரு படி கீழே, எட்டு மில்லிமீட்டர். அதன் கதையைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். ராணுவம் பயன்படுத்திய .303 தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருக்க வெள்ளைக்காரர் ஆட்சி தடை போட்டிருந்தது. அதனால் பழைய ஆஸ்திரிய ராணுவத் தோட்டா ஒன்றை எடுத்து .315 என்று விற்றார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் இந்திய அரசின் ஆலையில் அதே அளவில் ரைஃபிள் செய்தார்கள். அந்தத் த்ரீ நாட் த்ரீயை, நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் பார்த்தோமே, அதை இங்கே கனடாவில் மூன்று தலைமுறை மூஸ் வேட்டைக்காரர்கள் சுமந்திருக்கிறார்கள். வடக்கில் காவலுக்கு இருக்கும் கனடியன் ரேஞ்சர்ஸ் 1947லிருந்து சில வருடம் முன்புவரை அதையே வைத்திருந்தார்கள். இப்போது அவர்கள் கையில் இருப்பது டிக்கா ரைஃபிளை அடிப்படையாகக் கொண்ட .308. வெண்கரடி வரும் ஊர்களில் நடமாடுபவர்களுக்கே .308 கொடுத்திருக்கிறார்கள் என்றால், நம் பக்கத்து மூஸுக்கும் கருங்கரடிக்கும் அது போதுமா என்ற சந்தேகம் தேவையில்லை. கிரிஸ்லி கரடி ஒன்டாரியோவில் கிடையாது.

நடுத்தரக் குழல் எதற்கு என்றால், கனமான குண்டை மிதமான வேகத்தில் அனுப்புவதற்கு. .30-06இல் வழக்கமான குண்டு 180 கிரெய்ன், கிட்டத்தட்ட 11.7 கிராம். 9.3×62இல் 286 கிரெய்ன், 18.5 கிராம். பின்னது மெதுவாகத்தான் போகும், விநாடிக்கு 720 மீட்டர் அளவில். ஆனால் தோள் எலும்பைத் தாண்டியும் நேராகப் போய் மறுபக்கம் வெளியேறும். இரண்டு துளை இருந்தால் ரத்தத் தடம் கிடைக்கும். இங்கே ஆல்டர் புதருக்குள் முப்பது அடிக்கு மேல் கண் எட்டாது, மாலை ஐந்தரைக்குத் தடம் தேடுகிற நிலை வந்தால் அந்த இரண்டாவது துளையின் அருமை தெரியும். வேகம் குறைவு என்பதால் இறைச்சி கன்றிப்போவதும் குறைவு. என் அனுபவத்தில், வேகமான தோட்டாவில் தோள்பக்கம் முழுக்க ரத்தம் கட்டி வெட்டி எறிய வேண்டியிருந்த இடத்தில், 9.3இல் உள்ளங்கை அகலம்தான் போனது.

அதன் குறையும் அதே வேகம்தான். 100 மீட்டருக்குச் சரிபார்த்த 9.3, 200 மீட்டரில் ஒரு சாண் இறங்கிவிடும். .30-06 அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இறங்கும். மரம் வெட்டித் திறந்துகிடக்கும் வெட்டுக்காடுகளில் தூரத்தில் சுட வேண்டியிருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

இந்த 9.3×62ஐ 1905இல் பெர்லினில் ஓட்டோ பாக் என்ற துப்பாக்கிக் கலைஞர் உருவாக்கினார். ஆப்பிரிக்காவுக்குப் போன ஜெர்மன் குடியேறிகளுக்காக, சாதாரண மௌசர் 98 ரைஃபிளிலேயே அடங்கும்படி செய்தார். அந்த ‘அடங்கும்படி’ என்பதுதான் இன்றும் அதன் பெரிய வசதி. .30-06க்குச் செய்த அதே நீளப் பொறியமைப்பில், தோட்டாவின் அடியைப் பிடிக்கும் அதே அகலமுள்ள போல்ட் முகத்தில் இதுவும் வேலை செய்கிறது. .35 வீலனும் அப்படித்தான், .30-06 கூட்டின் கழுத்தை விரித்து 1922இல் செய்தது. பல காலம் அவரவர் கைவேலையாக இருந்து, 1980களின் கடைசியில்தான் ரெமிங்டன் அதைக் கடைத் தோட்டா ஆக்கியது. .358 வின்செஸ்டர் .308இன் கூட்டிலிருந்து வந்தது, குட்டையான லீவர் ரைஃபிளிலும் வரும். பழைய சாவேஜ் 99 ஒன்று அந்த அளவில் கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், ஓடி வந்து பார்ப்பேன். .375 எச் அண்ட் எச் நீளமான தோட்டா, அதற்கென்றே நீளமான, கனமான துப்பாக்கி வேண்டும். அதை இந்தக் காட்டில் சுமப்பது வீண்.

.338 மேக்னம் 1958இல் வந்தது. வின்செஸ்டர் அதை ‘அலாஸ்கன்’ என்று பெயர் வைத்த ரைஃபிளில்தான் அறிமுகப்படுத்தியது, யாருக்காக என்பது பெயரிலேயே இருக்கிறது. நல்ல தோட்டா, குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் இரண்டாவது வருடத்தில் அதைத்தான் வாங்கினேன், மூன்று கிலோகூட இல்லாத மெல்லிய ரைஃபிளில். முதல் நாள் சுடுதளத்தில் அது பின்னால் உதைத்த உதையில் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) விளிம்பு புருவத்தில் இறங்கியது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்து சுட்டேன். தாள் இலக்கில் துளைகள் மட்டும் எங்கெங்கோ விழுந்தன.

அடுத்த வாரம் கூட வந்த பெரியவர் ஒருவர், கையில் ரைஃபிளை வாங்கி, எனக்குத் தெரியாமல் தோட்டா இல்லாமலே போல்ட்டை மூடிக் கொடுத்தார். நான் மூச்சைப் பிடித்து, குறுக்குக்கோட்டை நடுவில் வைத்து, விசையை இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம். வெடிக்கவே இல்லை, ஆனால் குழல் முனை ஒரு விரல் கீழே குத்தியது, என் வலத்தோள் முன்னால் எகிறியது, கண் இரண்டும் மூடியிருந்தன. உதை வருமுன்பே உடம்பு அதற்குப் பயந்துவிட்டிருந்தது. மறுபடி கொடுத்தார், இந்த முறை தோட்டா இருந்தது. மறுபடி கொடுத்தார், இல்லை. அரை மணி நேரம் இப்படியே போனது. அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போக, அவருடைய பழைய .308ஐக் கடன் வாங்கி ஒரு கோடை முழுக்கச் சுட வேண்டியிருந்தது. மேக்னத்தை விற்றுவிட்டேன்.

அந்தப் பயத்தோடு காட்டுக்குப் போயிருந்தால் மூஸின் நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் பட்டிருக்கும். ஐந்நூறு கிலோ உயிர் இரவெல்லாம் சதுப்பில் கிடந்து சாகும். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தோட்டாவின் பெயரைவிடக் குண்டின் தரத்துக்குக் காசு செலவழியுங்கள். 1946இல் ஜான் நாஸ்லர் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டார். கையில் .300 மேக்னம், வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் சேறு காய்ந்த அந்தத் தோலிலும் தசையிலும் குண்டு சிதறிப்போய் உள்ளே இறங்கவில்லை. வீடு திரும்பி, நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி குலையாத குண்டு ஒன்றைச் செய்தார். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு இன்றும் விற்கிறது. அதையோ, முழுக்கச் செம்பில் செய்த குண்டையோ .308இல் போட்டுக்கொள்ளுங்கள். மூஸ் எத்தனை பெரியதாக இருந்தாலும் நெஞ்சுக்கூட்டில் சரியாகப் பட்டால் வேலை முடிந்தது.

கடையில் கிடைக்குமா என்பதும் பெரிய கேள்வி. .308ம் .30-06ம் கனேடியன் டயரில்கூடக் கிடைக்கும். 9.3 அப்படி இல்லை, விலையும் கூடுதல். முகாமுக்குப் போன பிறகு தோட்டாப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவந்தது தெரிந்தால், வழியிலுள்ள சின்ன ஊரில் .30-06 வாங்கிவிடலாம், வீலனைத் தேடினால் சீசனே முடிந்துவிடும்.

இனி ரைஃபிள். போல்ட் ஆக்‌ஷன் எடுங்கள், ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. டிக்கா டி3எக்ஸ், ரூகர், சாவேஜ் எதுவானாலும் சரி. டிக்காவில் எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே நீளப் பொறியமைப்புதான், அதனால் .308 வாங்கினால் துப்பாக்கி குட்டையாகாது, அதைத் தெரிந்து வாங்குங்கள். ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரை கிலோவுக்கு மேல் இருந்தால் தோளுக்கு நல்லது. நீங்கள் என்னைப்போல் ஐந்தரை அடி என்றால் தோளில் அணைக்கும் கட்டையின் நீளத்தைக் கவனியுங்கள். கடைக்குள் மெல்லிய சட்டையோடு வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும், அக்டோபரில் கனத்த ஜாக்கெட்டும் மேலே ஆரஞ்சுச் சட்டையும் போட்டதும் கட்டை அக்குளில் மாட்டிக்கொள்ளும். நான் என்னுடையதில் முக்கால் அங்குலம் அறுத்துவிட்டேன். அப்புறம்தான் ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நான்கு விரல் இடைவெளி கிடைத்தது. ஸ்கோப்பும் சின்னதே போதும், ஆறு மடங்குக்கு மேல் இந்தப் புதர்க்காட்டில் வேலை இல்லை.

பின்னாளில் 9.3 தேடும்போது பழைய ஹஸ்க்வர்னா ரைஃபிள்கள் மலிவாக வரும், அருமையான ஸ்வீடன் வேலைப்பாடு. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. அவர்கள் 9.3×57 என்ற வேறொரு தோட்டாவுக்கும் ஏராளமாகச் செய்திருக்கிறார்கள், வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருக்கும். விற்பவர் சொல்வதை நம்பாமல் குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள், சந்தேகமிருந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அளந்து வாங்குங்கள். நான் இப்போது வைத்திருப்பது அந்த ஹஸ்க்வர்னாதான், 62.

போன வருடம் அதில் ஒரு கிடாமூஸ். அறுபது மீட்டர் இருக்கும். சுட்டதும் விழவில்லை. ஏதோ சத்தம் கேட்டதுபோல் தலையைத் திருப்பிப் பார்த்தது, நான்கு அடி நடந்தது, முன்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தது. மூஸ் அப்படித்தான், அடிபட்ட அறிகுறியே காட்டாது. அதனால் நின்றால் இரண்டாவது முறையும் சுடுங்கள், தவறு ஒன்றுமில்லை. அன்று நான்கு குடும்பத்துக்கு இறைச்சி. மிளகுப் பிரட்டலுக்கு ஆட்டுக்கறியைவிட நன்றாக வரும், கொழுப்பு இல்லாததால் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக ஊற்றுங்கள். ஈரலை மட்டும் விட்டுவிடுங்கள். மூஸ் ஈரலிலும் சிறுநீரகத்திலும் காட்மியம் சேர்வதால் சாப்பிட வேண்டாம் என்று மாகாண அரசே சொல்கிறது.

உரிமம் கைக்கு வந்ததும் ஒரு தகவல் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சுடுதளத்துக்குப் போகலாம், என் .308ஐயும் 9.3ஐயும் எடுத்துவருகிறேன், குளிர்கால ஜாக்கெட்டோடு வாருங்கள். இரண்டிலும் பத்துப் பத்துச் சுட்டுப் பாருங்கள். எந்த முறை உள்ளே தோட்டா இருக்கிறது, எந்த முறை இல்லை என்பதை மட்டும் உங்களிடம் சொல்ல மாட்டேன்.