தாத்தாவின் ஹெர்குலிஸ்: காட்டர் பின்னும் உப்புத் துருவும்

வணக்கம். தங்கச்சிமடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து தாத்தாவின் ஹெர்குலிஸ் சைக்கிளைப் புதுப்பிப்பதாகவும், கிராங்க் காட்டர் பின் (பெடல் மாட்டும் கையான கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு போன்ற பின்) அசையவில்லை, அடித்த பெயின்ட் மாதத்துக்குள் கொப்பளித்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

பின்னை வெறுமனே தட்டாதீர்கள். இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவிடுங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல் சில சுற்று மட்டும் தளர்த்துங்கள், மரை நசுங்காது. கிராங்கின் அடியில், பின்னின் தலை உள்ளே இறங்கும்படி ஒரு இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். பிறகு கனமான சுத்தியலால் நேராக ஒரே அடி. சின்னச் சின்னதாகத் தட்டினால் பின் வளையும், இன்னும் இறுகும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி பேரிங்குக்குப் போகும். புதுப் பின்கள் மாட்டும்போது இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாக நுழைய வேண்டும், இல்லையென்றால் பெடல்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காது. இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெயின்ட் கொப்பளித்ததற்குக் காரணம் பெரும்பாலும் அடியில் தங்கிய உப்பு. சுரண்டிய பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு அடித்துவிடுங்கள். கடல் காற்றில் ஒரு ராத்திரி சும்மா விட்டாலே துரு திரும்பிவிடும்.

குரோம் ரிம்மைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்: அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும், உப்புத்தாள் வேண்டாம். டயர் வாங்குமுன் பழையதில் உள்ள அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் 28 x 1½ இருக்கும்.